ஹுல்டா வேப்பிள்ஸின் கோழி போரில் இறந்த விதம்

லூயிஸ், டெலவேர்
9 ஏப்ரல் 1813, வெள்ளிக்கிழமை

என் அருமை மகள் கெசியாவுக்கு அப்பா எழுதுவது.

இந்த முதல் வரியைப் படித்து மூச்சு விட்டுக்கொள், மற்றதை நிதானமாகப் படிக்கலாம். நான் உயிரோடு இருக்கிறேன். கை இரண்டும் கால் இரண்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வீடும் நிற்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் யாராவது லூயிஸ் ஊர் சாம்பலாகிவிட்டது என்று சொன்னால் தலையாட்டிவிட்டு உன் வேலையைப் பார். ஆங்கிலேயர்கள் வளைகுடாவை அடைத்து வைத்திருப்பதால் இந்தக் கடிதம் தபால் வண்டியில் தரைவழியாகத்தான் வரவேண்டும். அதற்குள் வதந்தி உன் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டே போயிருக்கும்.

போன மாதம் ஆங்கிலேயக் கப்பற்படைத் தலைவர் ஒரு கடிதம் அனுப்பினார். இருபது காளை, கூடவே காய்கறி, வைக்கோல், எல்லாம் வேண்டுமாம். நியாயமான விலை கொடுப்பாராம். கொடுக்காவிட்டால் ஊரைக் கொளுத்துவாராம். இரண்டையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் எழுதியிருந்தார். எங்கள் கர்னல் மிகவும் மரியாதையாக முடியாது என்று பதில் எழுதினார். ஊரில் மொத்தம் இருபது காளை கிடையாது என்பதை மட்டும் அவர் குறிப்பிடவில்லை. அது வீரத்தைக் குறைத்துக் காட்டும் என்று நினைத்திருப்பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர்கள் கப்பல்களில் இருந்து பீரங்கியால் அடிக்க ஆரம்பித்தார்கள். புதன்கிழமை சாயங்காலம் வரை ஓயவில்லை. பெண்களும் பிள்ளைகளும் முன்பே வண்டி கட்டி உள்நாட்டுப் பண்ணைகளுக்குப் போய்விட்டார்கள். நான் படைவீரன் அல்ல என்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷமாகக் கப்பல்களுக்கு வழிகாட்டி வளைகுடாவுக்குள் கூட்டிப்போகிறவன். போர் வந்ததும் கலங்கரை விளக்கை அணைத்துவிட்டார்கள், மிதவைகளையும் எடுத்துவிட்டார்கள். கூட்டிப்போகக் கப்பலும் இல்லை. சும்மா இருக்கிற மனிதன்தானே என்று கர்னல் என்னைக் கடற்கரைக் கோட்டையில் உட்காரவைத்தார். எங்கே மணல் திட்டு, எங்கே ஆழம், எதிரி எதுவரை நெருங்க முடியும் என்று பீரங்கிக்காரனுக்குச் சொல்லவேண்டும். பீரங்கிக்காரன் வேறு யாருமில்லை, பீப்பாய் செய்கிற கேலப் ஸ்டாக்லிதான். உன் கல்யாணத்துக்கு அவன் கொடுத்த பீப்பாய் ஒழுகியது. பீரங்கி விஷயத்தில் கை சுத்தம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஊர்ப்படையில் ஆள் போதவில்லை. கர்னல் என்ன செய்தார் தெரியுமா? துப்பாக்கி இல்லாதவர்கள் எல்லாரும் மக்காச்சோளத் தட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடற்கரையில் அணிவகுத்துப் போகவேண்டும் என்றார். தூரத்தில் இருந்து பார்த்தால் துப்பாக்கி போலத் தெரியுமாம். தெரிந்தும் இருக்கும். ஆனால் பால்காரரின் பசு ஒன்று எப்படியோ அவிழ்த்துக்கொண்டு வந்து, பின்வரிசையில் இரண்டு துப்பாக்கிகளைத் தின்றுவிட்டது. ஆங்கிலேயர்கள் தொலைநோக்கியில் அதைப் பார்த்தார்களா என்று இன்றுவரை விடுதியில் விவாதம் நடக்கிறது.

அவர்களுடைய குண்டுகள் பாதிக்கு மேல் சதுப்பு நிலத்தில் புதைந்தன. வாணங்கள் ஊருக்கு மேலே பறந்து அந்தப் பக்கத்து வயலில் விழுந்தன. எங்களுக்கு வெடிமருந்து இருந்தது, குண்டுதான் தீர்ந்துபோனது. அதனால் அவர்கள் சுட்டதையே பொறுக்கி அவர்களுக்கே திருப்பிச் சுட்டோம். புதன்கிழமை இருட்டுவதற்குள் பாய் விரித்துப் போய்விட்டார்கள்.

சேதம் என்று பார்த்தால், சில புகைபோக்கிகள் போயின. விடுதியின் பெயர்ப்பலகையில் ஒரு ஓட்டை. ஒரு பன்றிக்குக் காலில் அடி, கட்டுப் போட்டாயிற்று, ஊரே வரிசையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. உயிர்ச்சேதம் ஒன்றுதான். ஒரு கோழி.

கோழி நம்முடையது அல்ல. யாருடையது என்று நீ கேட்பாய். பக்கத்து வீட்டு விதவை வேப்பிள்ஸ் அம்மாளுடையது. ஆமாம், அந்தப் புள்ளிக்கோழிதான். உன் அம்மா சாவதற்கு முன் விதை எடுத்து வைத்த பட்டாணியை நான் விதைக்க, மூன்று வருஷமாக அது முளைக்கவிடாமல் கிளறித் தின்றதே, அதேதான். ஒருநாள் அதன் கழுத்தைத் திருகுவேன் என்று விடுதியில் முப்பது பேருக்கு முன்னால் நான் சொன்னதும் உண்மைதான். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது பற்றி ஊரில் கொஞ்சம் பேச்சு இருக்கிறது. உன் காதுக்கு ஏதாவது வந்தால் இப்போதைக்கு நம்பவேண்டாம்.

ஃபிலடெல்ஃபியாவுக்கே வந்து உங்களோடு தங்கிவிடும்படி எழுதியிருந்தாய். யோசிக்கிறேன். மாப்பிள்ளை ஐசக்கிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உங்கள் இருவரையும் ஆண்டவர் காக்கட்டும்.
அப்பா,
லெவின் ட்ரூயிட்


லூயிஸ்
19 ஏப்ரல், திங்கள்

அன்பு மகள் கெசியாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான்கு பக்கம், அதில் மூன்று பக்கம் கேள்வி. உன் தெரு ரொட்டிக்கடைக்காரரின் மைத்துனி லூயிஸில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் முந்தைய கடிதத்தையே இன்னும் நேர்மையாக எழுதியிருப்பேன்.

முதலில் ஒன்று. நான் சிறையில் இல்லை. லூயிஸில் சிறையே இல்லை, நீதிமன்றத்தை ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுபோனபோது அதையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் வருகிற சனிக்கிழமை விடுதியின் முன்னறையில் என்மேல் விசாரணை இருக்கிறது. ஊர் காலியாக இருந்த நேரத்தில் ஒரு விதவையின் வீட்டில் புகுந்து ஏழு கோழிகளைத் திருடினேன், அதில் ஒன்றைக் கொன்றேன் என்பது புகார். காலி வீட்டில் கை வைப்பவனை ஊர்ப்படையில் இருந்து நீக்கி, தொழில் உரிமத்தையும் பறிக்கச் சொல்வேன் என்று கர்னல் முன்பே பறையடித்துச் சொல்லியிருந்தார். வழிகாட்டி உரிமம் போனால் போர் முடிந்தும் நான் படகில் கால் வைக்க முடியாது. மணல் திட்டுகளைத் தவிர எனக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது, கெசி.

உனக்கு மட்டும் நடந்ததைச் சொல்கிறேன். ஐசக்கிடம்கூடச் சொல்லாதே. அவன் நல்லவன்தான், ஆனால் சிரிப்பான்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். குண்டு தீர்ந்துவிட்டது, எல்லாரும் போய் ஆளுக்கொன்று பொறுக்கி வாருங்கள் என்று கேலப் சொன்னான். கோட்டையைத் தாண்டின குண்டுகள் நம் தெருவுக்குப் பின்னால் உள்ள தோட்டங்களில் விழுந்துகொண்டிருந்தன. நான் அங்கே போனேன். இரண்டு குண்டு கிடைத்தது. திரும்பலாம் என்று நினைத்தபோது வேப்பிள்ஸ் அம்மாளின் தோட்டத்தில் கோழிகள் கூப்பாடு போடுவது கேட்டது. கூட்டின் ஒரு மூலையைக் குண்டு பெயர்த்திருந்தது. அந்த அம்மாள் முந்தின நாள் பதற்றத்தில் சுவர்க்கடிகாரத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு அக்காள் வண்டியில் ஏறிப் போய்விட்டாள். கோழிகளை மறந்துவிட்டாள்.

நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். மூன்று வருஷமாக அந்தக் கோழிகளுக்கு நான் நல்லது நினைத்ததே இல்லை. ஆனால் கணவர் நாதன் வேப்பிள்ஸ் கடலில் மூழ்கிப் போனபிறகு அந்த அம்மாளுக்கு வீட்டில் பேசுவதற்கு அவைதான் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வேதாகமத்தில் இருந்து பெயர் வைத்திருக்கிறாள். ரூத், நகோமி, மார்த்தாள் என்று காலையில் கூப்பிடுவது என் படுக்கைவரை கேட்கும். புள்ளிக்கோழிக்குத் தெபோரா என்று பெயர். நான் அதை அந்தப் பொல்லாத ராணியின் பெயரால் யேசபேல் என்பேன். திரும்பி வந்து உடைந்த கூட்டைப் பார்த்தால் அவள் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பிறகு குண்டுகளைக் கீழே வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

இரண்டிரண்டாகக் கோட்டுக்குள் வைத்து நம் நிலவறையில் கொண்டுபோய் விட்டேன். மூன்று நடை. ஆங்கிலேயர்கள் ஒருபக்கம் தலைக்கு மேலே சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள், நான் ஒருபக்கம் நகோமியைச் சமாதானப்படுத்திக்கொண்டே ஓடுகிறேன். ஆறு கோழியும் ஒழுங்காக வந்தன. தெபோரா வரவில்லை. கையில் கொத்தியது. காலுக்கிடையில் நுழைந்து நேரே என் பட்டாணிப் பாத்திக்கு ஓடியது. நடுப்பாத்தியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையை மூன்று வருஷமாக எனக்குத் தெரியும். நான் குனிந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, அதன் நல்ல பெயரைச் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டு போனேன். அப்போது ஒரு குண்டு மணலில் பட்டு எழும்பி வந்தது. வருவதை நான் பார்த்தேன். தெபோரா பார்க்கவில்லை, அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் சும்மா இருந்திருந்தால் அது கூட்டிலேயே இருந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தக் கூட்டில் ஒரு குண்டுகூட விழவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.

அந்தக் குண்டையும் எடுத்துக்கொண்டு கோட்டைக்கு ஓடினேன். ஒரு மணி நேரம் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேலப் கத்தினான். பதில் கேட்க அவனுக்கு நேரமில்லை. நான் கொண்டுவந்ததில் மேலே இருந்த குண்டை எடுத்துப் போட்டுச் சுட்டுவிட்டான். மேலே இருந்தது தெபோராவின் குண்டு. ஆக, எனக்கு இருந்த ஒரே சாட்சி ஆங்கிலேயர்களிடமே திரும்பிப் போய்விட்டது.

வியாழக்கிழமை காலை நான் கோட்டையில் இருந்து வருவதற்குள் வேப்பிள்ஸ் அம்மாள் வந்துவிட்டாள். காலிக் கூடு. என் பாத்தியில் செத்த கோழி. என் நிலவறைக்குள் இருந்து மற்ற ஆறும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத குறை. நான் கரிபிடித்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது நம் அடுக்களையில் ஐந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கோழி குண்டு பட்டுச் செத்தது என்றேன். எந்தக் குண்டு, காட்டு என்றார்கள். திருப்பிச் சுட்டுவிட்டோம் என்றேன். நால்வர் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "ட்ரூயிட்டு, நீங்க கத்துவீங்க, திட்டுவீங்க, அதெல்லாம் தெரியும். ஆனா இப்பிடின்னு நெனைக்கல" என்றாள். போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்று கேட்பாய். சொன்னால், குண்டு பொறுக்கப் போனவன் ஒரு மணி நேரம் கோழி பிடித்துக்கொண்டிருந்தான் என்று ஆகும். கர்னலுக்கு அது திருட்டைவிடப் பெரிய குற்றம். அது மட்டுமில்லை. அந்தக் கோழியின் கழுத்தைத் திருகுவேன் என்று சபதம் போட்ட லெவின் ட்ரூயிட், ஆங்கிலேயப் பீரங்கிக்கு முன்னால் அதன் பின்னாலேயே கையை நீட்டிக்கொண்டு ஓடினான் என்று தெரிந்தால் என்ன ஆகும்? திருடன் என்றால் ஊர் ஒரு மாதம் பேசும். இதைக் கேட்டால் நான் செத்தபிறகும் பேசும்.

இந்தப் பத்து நாளாகப் பட்டாணி செழிப்பாக இருக்கிறது. ஒரு இலைகூடச் சேதமில்லை. காலையில் எழுந்து வேலிப்பக்கம் போகிறேன், கத்துவதற்கு ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் இருந்தும் யாரும் திருப்பிக் கத்துவதில்லை. மூன்று வருஷப் பழக்கம், வாய் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நேற்று பாலைக் கொதிக்கவிட்டுவிட்டு அப்படியே நின்றிருக்கிறேன், பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

சனிக்கிழமை எனக்காக ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணு. பெரிதாக ஒன்றும் கேட்கவேண்டாம், நான் வாயை மூடிக்கொண்டு இருக்கும்படி கேட்டால் போதும்.

உன் அப்பா


லூயிஸ்
26 ஏப்ரல், திங்கள்

என் கெசிக்கு,

நேற்றே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏன் என்பது கடைசியில் வரும். விசாரணையில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

விடுதியின் முன்னறையில் நிற்க இடமில்லை. ஜன்னலில்கூட ஆள் உட்கார்ந்திருந்தார்கள். நீதிபதி விண்டர் ஒரு பக்கம், கர்னல் ஒரு பக்கம். கர்னலுக்கு இது படை விஷயம், நீதிபதிக்கு இது கோழி விஷயம். யார் முதலில் கேட்பது என்பதற்கே கால் மணி போயிற்று.

நீதிபதி என்னிடம் கோழி எப்படிச் செத்தது என்று கேட்டார். குண்டு பட்டு என்றேன். குண்டைக் காட்டச் சொன்னார். ஆங்கிலேயர்களிடம் இருக்கிறது என்றேன். கூட்டம் சிரித்தது. சரி, கோழியைக் கொண்டுவாருங்கள், காயத்தைப் பார்த்தால் தெரியும் என்று வேப்பிள்ஸ் அம்மாளிடம் சொன்னார். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு கோழி இல்லை என்றாள். இல்லை என்றால் எங்கே என்று நீதிபதி கேட்டார்.

"சாப்பிட்டுட்டேன்" என்றாள். அறையில் சத்தம் அடங்க வெகு நேரம் ஆனது. அதற்குப் பிறகு, "அழுதுக்கிட்டேதான் சாப்பிட்டேன்" என்றும் சொன்னாள். மாவு உருண்டை போட்டு வேகவைத்தாளாம். நீதிபதி இதை எழுதிக்கொள்ளவா வேண்டாமா என்று பேனாவைப் பிடித்தபடியே இருந்தார்.

குண்டும் இல்லை, கோழியும் இல்லை. அந்த நேரத்தில் பின்னால் இருந்து கேலப் ஸ்டாக்லி தொண்டையைக் கனைத்தான். லெவின் அண்ணன் கொண்டுவந்த குண்டில் இறகு ஒட்டியிருந்தது என்றான். புள்ளி போட்ட இறகு. துடைத்துவிட்டுத்தான் பீரங்கியில் போட்டானாம், காட்டு வாத்து என்று நினைத்தானாம். இதை ஏன் இரண்டு வாரமாகச் சொல்லவில்லை என்று நீதிபதி கேட்டார்.

"என்னை யாரும் கேக்கலியே" என்றான்.

அவ்வளவுதான். விடுதி இடிந்துவிழும்போலக் கைதட்டினார்கள். நம் கோழியை ஆங்கிலேயர்கள்தான் கொன்றார்கள் என்று ஆகிவிட்டதில் ஊருக்கு அவ்வளவு சந்தோஷம். இருபத்திரண்டு மணி நேரம் சண்டை போட்டு ஒரு உயிரையும் இழக்கவில்லை என்றால் வெளியூர்க்காரன் மதிக்கமாட்டான் அல்லவா. பன்றிக்காரர் மட்டும் தன் பன்றியையும் யாராவது குறிப்பிட்டால் நன்றாக இருக்கும் என்றார். குறிப்பிட்டார்கள்.

ஆனால் நீதிபதி மேஜையைத் தட்டினார். செத்த கோழி சரி, நிலவறையில் இருந்த ஆறு கோழி? அடுத்தவர் தோட்டத்தில் நுழைந்து அவற்றை எடுக்க எனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. நீ பண்ணின ஜெபம் அன்றைக்கு நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் முறை கேட்டார். கர்னல் என்னை முறைத்தார். என் கோட்டுப்பையில் உரிமச் சீட்டு இருந்தது. கேட்டால் கொடுத்துவிடலாம் என்று வரும்போதே எடுத்து வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்தேன்.

அப்போது வேப்பிள்ஸ் அம்மாள் எழுந்தாள். "நான்தான் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனேன்" என்றாள்.

கெசி, அவள் என்னிடம் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து, உங்கள் பட்டாணியில்தான் முதல் குண்டு விழவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருவே கேட்டது. அந்தத் தெருவே அறையில் உட்கார்ந்திருந்தது. ஒருவரும் மூச்சு விடவில்லை. முட்டையில் ஒன்று கூமுட்டையாக இருந்தால் வீடு தேடி வந்து மாற்றிக் கொடுக்கிற பெண் அவள், வாழ்நாளில் பொய் சொன்னதில்லை.

சொல்லிவிட்டுத்தான் போனீர்கள் என்றால் ஏன் புகார் கொடுத்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். "மறந்துட்டேன் ஐயா. ஊரு எரியப்போவுதுன்னு கடிகாரத்தத் தூக்கிட்டு ஓடினவ நான். எனக்கு அன்னைக்கு என் பேரே ஞாபகம் இல்ல" என்றாள்.

நீதிபதி அவளை ரொம்ப நேரம் பார்த்தார். அவரும் அவளிடம்தான் முட்டை வாங்குகிறார். பிறகு எழுதிக்கொண்டார். கர்னல் விடவில்லை. ஒரு மணி நேரம் இடத்தை விட்டு இருந்தது என்ன கணக்கு என்றார். அதற்கும் கேலப்தான் வாய் திறந்தான். மற்றவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு குண்டுதான் கொண்டுவந்தார்கள், ட்ரூயிட் ஒருவர்தான் மூன்று கொண்டுவந்தார் என்றான். கர்னல் விரலில் ஏதோ எண்ணிப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நீதிபதி வழக்கு முடிந்தது என்றார், உரிமச் சீட்டு என் பைக்கே திரும்பிப் போயிற்று. உன் கல்யாணப் பீப்பாயைப் பற்றி இனிமேல் நான் பேசுவதாக இல்லை.

எல்லாரும் எனக்கு வாங்கிக் கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். குற்றவாளி என்று தீர்ப்பு வந்திருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது கதவைத் தட்டினாள். வந்து நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தாள். ஏன் எனக்காகப் பொய் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். அவள் திருப்பி, நிலவறையில் கோழிகளுக்குத் தண்ணீர் எதில் வைத்தீர்கள் என்று கேட்டாள். கையில் கிடைத்ததில் என்றேன்.

"அது உங்க வீட்டம்மாவோட நீலப்பூப் பீங்கான் கிண்ணம். கல்யாணத்துக்கு வந்தது. நான் எத்தன தடவ இங்க வந்திருக்கேன், எனக்கே அவ அதுல சர்க்கர வச்சதில்ல. கோழி திருடுறவன் அதுலயா தண்ணி வைப்பான்? அன்னைக்கிக் கோவத்துல கண்ணு பாத்துச்சு, புத்தி பாக்கல. விசாரணைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமதான் ஒறச்சுது" என்றாள்.

கெசி, அந்தக் கிண்ணம் பத்திரமாக இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. வெந்நீரில் இரண்டு முறை கழுவிவிட்டேன். அன்று அவசரத்தில் அலமாரியில் முதலில் அகப்பட்டது அதுதான், அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று நடை போனது, நகோமி என் கோட்டின் உள்பக்கத்தை நாசம் பண்ணியது, தெபோரா பாத்தியில் நின்று பார்த்தது, நான் கையை நீட்டிக்கொண்டு போனது, எல்லாம். சிரிப்பாள் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் சிரிக்கவில்லை. எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருக்கிறது என்றாள்.

"ஆறும் உள்ள வந்தாச்சில்ல. அதோட விட்டிருக்கலாம். தெபோராவ எதுக்குப் பிடிக்கப் போனீங்க? உங்களுக்குத்தான் அதைப் பிடிக்காதே."

"உங்களுக்குப் பிடிக்குமே" என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை, கெசி. யோசித்திருந்தால் இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு மனிதன் வாயில் இருந்து இப்படி வந்துவிட்டதே என்று எனக்குக் காது சுட்டது.

ஹுல்டா நேரே பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாளோ என்று பின்னாலேயே போனேன். பட்டாணிப் பாத்தியில் குனிந்து, கொடி படர நான் நட்டிருந்த குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இப்படியா நடுவார்கள், முதல் காற்றுக்கே சாய்ந்துவிடும், முப்பது வருஷம் கப்பல் ஓட்டியும் ஒரு குச்சியை நேராக நிறுத்தத் தெரியவில்லையே என்று திட்டினாள். கப்பல் ஓட்டுவது நானில்லை, வழிதான் காட்டுகிறேன் என்றேன். அதுதான் தெரிகிறதே என்றாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல உடை, முழங்கால் வரை மண். இருட்டும்வரை இரண்டு பேரும் குச்சி நட்டோம். அதனால்தான் நேற்று கடிதம் எழுத முடியவில்லை.

இன்று காலை ரூத் என் பாத்தியில் புகுந்தது. நான் கத்தினேன். அந்தப் பக்கத்தில் இருந்து அவளும் கத்தினாள். பால் பொங்கவில்லை.

ஃபிலடெல்ஃபியாவுக்கு வருவது பற்றி ஐசக்கிடம் நான் நன்றி சொன்னதாகச் சொல். இப்போது வர முடியாது. ஆங்கிலேயக் கப்பல்கள் இன்னும் வளைகுடாவில்தான் நிற்கின்றன, எந்த நேரமும் கர்னலுக்கு நான் தேவைப்படலாம். இதுதான் காரணம் என்று ஐசக்கிடம் சொல். உனக்கு நான் வேறு காரணம் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் மாதம் பாதை காய்ந்ததும் நீங்கள் இருவரும் ஒரு வாரமாவது வந்து தங்கிவிட்டுப் போகவேண்டும். வரும்போது அடுக்களையில் ஏதாவது ஒரு பாத்திரம் உன் அம்மா வைத்த இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் இருந்தால், முதல் நாள் மட்டும் ஒன்றும் கேட்காதே, மகளே. நன்றாகச் சாப்பிடு. சமைத்தது யார் என்று உனக்கே தெரியும். மறுநாள் காலையில் நானே உன் பக்கத்தில் வந்து உட்காருவேன். எனக்குச் சொல்ல வரவில்லை என்றால், நீயே கேட்டுவிடு.

நீ எப்போதும்போல என் நல்ல மகளாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அப்பா,
லெவின் ட்ரூயிட்